பிரெடரிக் பாண்டிங்

கனடா நாட்டு ஒன்டாரியோ மாகாணத்தில், 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், உழவர் குடியில் பிறந்தவர் பிரெடரிக் பாண்டிங். மருத்துவம் பயின்ற அவர், முதல் உலகப்போரிற் காயமுற்று மீண்டார். அந்நாளில் நீரிழிவுற்ற சிறுவரை, உணவைக் குறைத்துச் சிறிது காலம் உயிரோடு வைத்திருத்தலே மருத்துவர்க்கு இயன்றது. நோயினும் கொடிது அப்பட்டினி!

1921ஆம் ஆண்டுக் கோடையில், டொரண்டோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மக்லியாடின் ஆய்வுக்கூடத்தில், பாண்டிங் நாயின் கணையத்தினின்று சாறு வடித்து, நீரிழிவுற்ற நாய்க்கு ஊசிவழிச் செலுத்தினார். அச்சாறே பின்னர் இன்சுலின் எனப் பெயர்பெற்றது. குருதியிலுள்ள சர்க்கரையை அளந்தவர் இளைஞர் பெஸ்ட். அப்பணியைச் சிறிதென்று எண்ணற்க. மருந்து பலித்ததை அறிவித்தது அவ்வளவீடே அன்றோ? இன்று நீரிழிவுற்ற குழந்தையின் கையில் ஒட்டிய சிறு உணர்கருவி, தோலடி நீரிலுள்ள சர்க்கரையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானே அளந்து காட்டுகிறது. அதனையும் உண்ணும் உணவையும் நோக்கிப் பெற்றோர் இன்சுலின் அளவை முடிவு செய்கின்றனர்.

1922 சனவரி 11இல், லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி இடப்பட்டது. பயன் சிறிதே, ஊசியிட்ட இடமும் சீழ்கொண்டது. காலிப் என்பார் சாற்றைத் தூய்மையாக்கித் தர, 23ஆம் நாள் மீண்டும் இட்டனர். சர்க்கரை இறங்கிற்று. எலும்பும் தோலுமாய்க் கிடந்தவன் தேறி, மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

1923இல் பாண்டிங்கும் மக்லியாடும் நோபெல் பரிசு பெற்றனர். பெஸ்ட் விடுபட்டது கண்டு வெகுண்ட பாண்டிங், தம் பங்கிற் பாதியை அவருக்கு அளித்தார். 1941 பிப்ரவரியில் விமான விபத்தொன்றில் அவர் உயிர்நீத்தார்.