மூளையின் அலைகளைக் கண்டவர்

ஹான்ஸ் பெர்கர் 1873ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தார். இளம் வயதில் இராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே நலம் விசாரித்துத் தந்தையின் தந்தி வந்தது. தொலைவில் இருந்த சகோதரி, அவருக்கு ஏதோ ஆபத்து என உணர்ந்து அதனை அனுப்பச் செய்திருந்தார்! இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால், ஒருவர் எண்ணம் மற்றொருவரை எப்படி எட்டியது என்ற கேள்வியே பெர்கரை மருத்துவம் படிக்கத் தூண்டியது. அதற்கு விடை கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது.

யேனா நகர மனநல மருத்துவமனையில் பணியாற்றிய அவர், 1924இல் மனித மூளையின் மெல்லிய மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். தம் மகன் கிளாவுஸின் தலையிலும் கருவியைப் பொருத்திப் பார்த்தார். கண்களை மூடியிருந்தால் நொடிக்கு ஏறத்தாழ 10 அலைகள் சீராக எழுந்தன. கண்களைத் திறந்தாலோ மனக்கணக்குப் போட்டாலோ அவை அடங்கின. இது கருவியின் பிழையோ என ஐயுற்று மீண்டும் மீண்டும் சோதித்த பெர்கர், 1929இல்தான் கட்டுரை வெளியிட்டார். அப்போதும் பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மேத்யூஸ் ஆகிய இருவரும் தாங்களே சோதித்து உறுதிப்படுத்தினர். பெர்கர் 1941இல் காலமானார்.

களைப்புற்றவருக்குக் கண்கள் திறந்திருந்தாலும், பெர்கர் ஆல்ஃபா எனப் பெயரிட்ட அதே அலைகள் வலுப்பெறுகின்றன. வாகனமோட்டிகளின் களைப்பை ஆராய்பவர்கள் இன்று அவற்றையும் கவனிக்கின்றனர்.