மண்ணுக்குக் கணக்கு எழுதின ஆடிட்டர்!

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள்ல பைக் ஓட்டி ரீல்ஸ் போட்டவங்க, குச்சிக்கிழங்கு ஏத்திக்கிட்டு இறங்குற லாரிகளையும் பார்த்திருப்பீங்க. சேலம், நாமக்கல் பக்கத்து சேகோ ஃபேக்டரிகள்ல அந்தக் கிழங்கு ஜவ்வரிசியா, ஸ்டார்ச்சா மாறும். அது விளையுற மானாவாரி மேடுகள்ல பலதும் ஒரு காலத்துல சாமை, தினை, கேழ்வரகு போட்ட நிலம். மழை, தொழு உரம், வீட்டுலயே எடுத்து வெச்ச விதை... செலவு அவ்வளவுதான்.

நிலம் வயித்துக்கா, ஃபேக்டரிக்கா? இதை 1940-கள்லயே கேட்டவர் ஜே.சி.குமரப்பா. அவர் படிச்சது விவசாயம் இல்லை, கணக்கு!

1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். அப்போ பேர் ஜோசப் செல்லதுரை கார்னிலியஸ். லண்டனில் தணிக்கை படிச்சுட்டு, பம்பாயில் ஆடிட் கம்பெனி நடத்தினார். கோட், சூட், நல்ல வருமானம். அப்புறம் அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படிச்சார். இந்தியா ஏன் ஏழையா இருக்குன்னு பிரிட்டிஷ் அரசின் வரவு செலவைப் புரட்டினப்போதான் ஆளே மாறினார். 1929-ல் அந்த ஆய்வைப் பதிப்பிக்கிறது பத்திப் பேச சபர்மதிக்குப் போய் காந்தியைச் சந்திச்சார். அடுத்து பார்த்தா, குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் ஊர் ஊராப் போய் கணக்கெடுத்துட்டு இருக்கார்! குடும்பத்தின் பழைய பேரான குமரப்பாவும் திரும்பி வந்தது.

1934-ல் தொடங்கின அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தினார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் ஜெயில். அங்கே எழுதினதுதான் 1945-ல் வந்த நிலைத்த பொருளாதாரம் பத்தின புத்தகம். அதுல ஆடிட்டர் மூளை அப்படியே தெரியும். நிலக்கரியும் பெட்ரோலும் தொட்டித் தண்ணி மாதிரி, எடுக்க எடுக்கக் குறையும். காடும் பயிரும் ஓடுற ஆறு மாதிரி, பொறுப்பா எடுத்தா வந்துக்கிட்டே இருக்கும். அதனாலதான் ரசாயன உரத்தை நம்பாம, கிராமக் கழிவில் இருந்து கம்போஸ்ட் செய்யச் சொன்னார்.

மலபாரில் சோப்பு மில்லுகளின் எண்ணெய்க்காக நெல் வயல்கள் தென்னந்தோப்பா மாறினது அவரை ரொம்ப உறுத்துச்சு. ஒரு லட்சம் பேர் இருக்குற பகுதிக்குத் தானியம், பருப்பு, எண்ணெய், காய்கறி, துணிக்குப் பருத்தி எவ்வளவு வேணும்னு முதல்ல கணக்குப் போடு, அப்புறம் நிலத்தைப் பிரின்னார். எந்த நிலத்துல எந்தப் பயிர்ங்கிறதுக்கு லைசென்ஸ்கூட வேணும்னார். இந்த இடத்துல மட்டும் குமரப்பாவோட ஒத்துப்போக முடியலை. பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட காசு தர்ற கிழங்கை விடச் சொல்லி, மலை விவசாயிகிட்ட ஓர் அதிகாரி போய் நின்னா சரியா இருக்குமா?

சாமை குறைய இன்னொரு காரணம், அதை உரல்ல இடிச்சு உமி நீக்குற வேலை. முழுக்கப் பெண்கள் தலையில. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் உமி நீக்கும் சின்ன மெஷின்களைக் கொண்டு வந்தப்போ அந்தப் பாரம் குறைஞ்சது. குமரப்பா பெரிய அரிசி மில்லுகளை எதிர்த்தவர்தான். ஆனா செக்கு, அடுப்புன்னு ஊர்க்காரங்க கையில இருக்குற கருவிகளை மேம்படுத்த, வார்தாவில் வருஷக்கணக்கா உழைச்சவரும் அவரே.

சுதந்திரத்துக்குப் பிறகு, அவர் தலைமையிலான காங்கிரஸ் விவசாயச் சீர்திருத்தக் குழு 1949-ல் அறிக்கை கொடுத்தது. உழுறவங்களுக்கே நிலம்னு சொன்ன அறிக்கை அது. நேருவின் அரசோ பெரிய தொழிற்சாலைகள் பக்கம் போயிட்டு இருந்தது. உடம்பும் ஒத்துழைக்கலை. கடைசி வருஷங்களை மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழிச்சார். சுத்தியும் மானாவாரிக் காடு. 1960 ஜனவரி 30-ல், காந்தி இறந்து சரியா 12 வருஷம் கழிச்சு அதே தேதியில், மதுரையில் இறந்தார்.