பெயர் சூட்டியவரும் பெயர் தடுமாறிய சிற்றுயிரும்

பெரியோரின் வரலாற்றைப் படிக்கும்போது அவர்தம் வெற்றிகளை மட்டும் எண்ணி வியப்பது நம்மவர் வழக்கம். ஓர் அறிஞர் தொடங்கிவைத்து முடிக்க இயலாமற்போன பணியைக் கொண்டும் அவர் பெருமையை அளக்கலாம் என்பது என் கருத்து. சுவீடன் நாடு தந்த கார்ல் லின்னேயஸின் வாழ்க்கையில் அத்தகைய பணி ஒன்றுண்டு. இலையின் அடியில் ஒதுங்கி வாழும் மிகச் சிறிய உயிர் ஒன்று அதனை நமக்கு நினைவூட்டுகின்றது.

லின்னேயஸ் 1707ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் தென் சுவீடனில் பிறந்தார். தந்தையார் கிராமத்துத் தேவாலயக் குரு. குடும்ப நிலத்தில் ஓங்கி நின்ற லிண்டன் மரத்தின் பெயரையே அவர் தம் குடும்பப் பெயராக்கிக்கொண்டார். மரத்தின் பெயரைத் தாங்கிய குடும்பத்தில் பிறந்த மைந்தன் மரங்களுக்கெல்லாம் பெயர் சூட்ட நேர்ந்தது பொருத்தமே. லுந்திலும் உப்சாலாவிலும் வறுமையோடு போராடி மருத்துவம் கற்ற அவர், 1732இல் லாப்லாந்தின் குளிர் நிலங்களில் பயணஞ் செய்தார். 1735இல் ஒல்லாந்து சென்று மருத்துவப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே லெய்டன் நகரில் அவருடைய ‘இயற்கையின் ஒழுங்கு’ என்னும் நூல் சில பெருந்தாள்களாக வெளிவந்தது. 1741இல் உப்சாலாவிற் பேராசிரியரானார்.

நம் நாட்டுக்கும் அவருக்கும் ஓர் உறவுண்டு. 1670களில் இங்கே ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக இருந்த போல் ஹெர்மன் சேகரித்த உலர் தாவரங்கள் பிற்காலத்தில் லின்னேயஸின் கைக்கு வந்து சேர்ந்தன. அவற்றை ஆராய்ந்து 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலொன்றை அவர் வெளியிட்டார். இம்மண்ணை ஒருநாளும் மிதியாதவர் இதன் செடிகொடிகளை வரிசைப்படுத்தினார்.

1753இல் ஏறத்தாழ 6,000 தாவரங்களுக்கும், 1758இல் 4,000க்கு மேற்பட்ட விலங்குகளுக்கும் இரு சொற்களாலான பெயர் முறையை அவர் வழங்கியதை மாணவர் அறிவர். அதற்குச் சற்று முன்னர், 1752இல், அவருடைய மாணவர் ஒருவர் அளித்த ஆய்வேட்டைப் பலர் அறியார். ஆசிரியரின் கருத்தே மாணவரின் ஏடாக வெளிவந்த காலம் அது. எந்தச் செடியை எந்தப் பூச்சி உண்கின்றது என்ற அட்டவணையே அவ்வேடு. பூச்சிகளுக்கு விருந்து வழங்கும் தாவர உலகம் என்பது அதன் தலைப்பின் பொருள். இன்று நம் பாடநூல்கள் ‘விருந்து வழங்கி’ என்று கூறுகின்றனவே, அந்த எண்ணம் அங்கே பட்டியலாக உருக்கொள்கின்றது. விருந்தோம்பலை அறமெனப் போற்றும் நமக்கு இதில் ஒரு முரண் தென்படும். இங்கே விருந்தாளி உண்பது விருந்து வழங்குபவரின் உடலையே!

அத்தகைய விருந்தாளிகளுள் ஒன்றுதான் சிலந்திச் சிற்றுண்ணி. அரை மில்லிமீற்றர் அளவே உள்ள இவ்வுயிர் இலையின் கலங்களைக் குத்திச் சாற்றை உறிஞ்சும். இலை வெளிறிப் புள்ளி விழும். அதன்மேல் மெல்லிய நூல் படரும். 1758இல் லின்னேயஸ் இத்தகைய சிற்றுண்ணி ஒன்றுக்கு, வலை நெய்வது என்ற பொருள்படப் பெயரிட்டார். எட்டுக் கால் கொண்ட அதனைச் சிலந்தியோடும் தேளோடும் சேர்த்து, சிறகில்லாப் பூச்சிகளின் வரிசையில் வைத்தார். எழுதிய விளக்கமோ மிகச் சுருக்கம். ஆதலால் அப்பெயர் எந்தச் சிற்றுண்ணியைக் குறிக்கின்றது என்ற ஐயம் எழுந்தது. லிண்டன் மரத்தில் வாழும் உயிரையே அது குறிக்கும் என்றனர் சிலர். பல பயிர்களை அழிக்கும் வேறோர் உயிருக்கு அதனை வழங்கினர் பலர். 1836இல் ஜேர்மானிய அறிஞர் கொக், காஞ்சொறி போன்ற சுணையுடைய செடி ஒன்றின் பெயரால் அழைத்த உயிருக்கு அந்தப் பெயரே நிலைபெற இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வுயிர் 1,100க்கு மேற்பட்ட தாவரங்களில் வாழ்வதாக இன்று பதிவாகியுள்ளது.

பெயர் மட்டும் போதாது. அந்த உயிர் எதன்மேல் வாழ்கின்றது என்பதும் உடன் எழுதப்படல் வேண்டும் என்பதையே இவ்வரலாறு எனக்கு உணர்த்துகின்றது. நம் மலைநாடும் இதற்குச் சான்று. 1861இல் ஜோன் நீற்னர் இலங்கைக் கோப்பிச் செடியிற் கண்ட சிற்றுண்ணிக்குக் கோப்பியின் பெயரையே சூட்டினார். 1869இல் இங்கு கண்டறியப்பட்ட இலைத்துரு நோயாற் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன, தேயிலை வந்தது. கோப்பியின் பெயரைச் சுமந்தபடியே அது இன்று தேயிலையைத் தாக்குகின்றது. பெயரை மட்டும் நம்பும் தோட்டக்காரர் கோப்பி போனதோடு தொல்லையும் போயிற்றென எண்ணக்கூடும். விருந்து வழங்கிகளின் பட்டியலைப் புரட்டுபவரோ ஏமாறமாட்டார்.

1774இல் லின்னேயஸை வாத நோய் தாக்கியது. உலகத்து உயிர்களுக்கெல்லாம் பெயரிட்டவர் இறுதிக் காலத்தில் தம் பெயரையே மறந்தார் என்பர். 1778 சனவரி 10ஆம் நாள் காலமானார். அவரது முதல் நூல் அச்சேறிய அதே லெய்டன் நகரில், 1998இல், உலகச் சிலந்திச் சிற்றுண்ணிகளின் பட்டியல் நூல் வெளிவந்தது. ஏறத்தாழ 1,200 இனங்களும் அவற்றின் விருந்து வழங்கித் தாவரங்களும் வாழும் நாடுகளும் அதில் அடங்கின. போலந்து, குத்தியெரே, பிளெச்மன் என்னும் மூவர் அதனைத் தொகுத்தனர். 1752இன் சிறு ஏட்டில் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாகவே அதனை நான் காண்கின்றேன். பட்டியல் எழுதுதல் வரண்ட தொழில் என எண்ணும் மாணவர்க்கு நான் சொல்வது இதுவே: மனித நினைவு தளரும், ஒழுங்காக எழுதிவைத்த பட்டியல், எழுதியவர் தம்மையே மறந்த பின்னரும் பிறருக்கு வழிகாட்டும்.