பீடம் ஏறாத இசை ஊழியர்

வீரமாமுனிவர் நம் மதுரை மிஷனில் உழைத்த காலத்தில், அவருடைய சேசு சபையைச் சேர்ந்த தொமெனிக்கோ சிப்போலி தென் அமெரிக்காவில் ஊழியம் செய்தார். 1688-ல் இத்தாலியில் பிறந்த இவர், ரோமாபுரியில் சேசு சபைக் கோயிலின் ஆர்கன் வாசிப்பாளர். ஆர்கனுக்கும், கட்டையை அழுத்தினால் இறகு தந்தியைச் சுண்டும் ஹார்ப்சிகார்டுக்கும் 1716-ல் இசைநூல் வெளியிட்டுப் பேர்பெற்றார். அவ்வாண்டே புகழை உதறிச் சபையில் சேர்ந்தார்; பின்பு கப்பலேறினார். கோர்தோபாவில் படித்துக்கொண்டே கோயில் இசையை நடத்தினார். படிப்பு முடிந்தும், குருப்பட்டம் கொடுக்க மேற்றிராணியார் இல்லாமல் காத்திருந்தே 1726 ஜனவரி 2-ல் நோயால் மரித்தார். பூசை செய்யக் கொடுத்து வைக்கவில்லை. அவர் அமைத்த பூசைப் பாட்டுகளோ பல கோயில்களில் படியெடுக்கப்பட்டன. 1970-களில் பொலிவியாவின் பூர்வகுடிக் கோயில்களில் அவ்வேடுகள் வெளிப்பட்டன. பெற்றோரே, கோயிலில் ஆர்மோனியம் பழகும் உங்கள் பிள்ளையைத் தடுக்காதீர்கள். அதுவும் ஆண்டவருக்குச் செய்யும் ஊழியமே.