வேகத்திற்குக் கரை கோலிய வீரர்

மழை தானே பெய்யும். ஆயினும் கரை இல்லாத இடத்தில் அந்நீர் நில்லாது. ஏரிகள் மலிந்த செங்கற்பட்டு நாட்டில் பிறந்தார்க்கு இவ்வுண்மையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கரையை உடைத்த நீர் ஊரை அழிக்கும். கரைக்குள் அடங்கிய நீர் ஊரை வாழ்விக்கும். இளமைப் பருவத்தார் உள்ளத்தே எழும் வேக வேட்கையும் அத்தகையதே. அதனைப் பழித்து ஒதுக்காமலும், போனபடி போக விடாமலும், அதற்கு ஒரு கரை கோலிய பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்ந்த வாலி பார்க்ஸ் என்பார்.

கடல் கடந்த நாட்டார் ஒருவரின் வரலாறு நமக்கு எற்றுக்கு என வினவுவாரும் உளராகலாம். சென்னைக்கு வடக்கே, முன்னர்ச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது ஆகாய விமானங்கள் இறங்குதற்பொருட்டு ஒரு தளம் அமைக்கப்பட்டது. போர் ஒழிந்தது; விமானங்களின் ஆரவாரமும் ஒழிந்தது. 1953-ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அத்தளத்தையே பந்தயக் களமாக்கினர். அங்கு ஓடிய வண்டிகளைக் காண மக்கள் பல்லாண்டுகள் திரண்டு சென்றனர். இருங்காட்டுக்கோட்டையில் தனிக் களம் ஒன்று 1990-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபின் சோழவரத்தின் ஆரவாரம் அடங்கிற்று. இலங்கையிலும் களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்த என்னுமிடத்தில் போர்க்கால விமானத்தளம் ஒன்று இவ்வாறே பந்தயக் களமாயிற்று. போருக்கென வகுத்த நிலம் விளையாட்டிற்கு இடமாகிய இம்மாற்றம் மிகப் பேரளவில் நிகழ்ந்த நாடு அமெரிக்காவாகும். ஆங்கு அதனை நெறிப்படுத்தியவருள் தலைசிறந்தவர் பார்க்ஸ் ஆதலின், அவர் வரலாறு நமக்கு முற்றும் அயலானதன்று.

பார்க்ஸ் 1913-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23-ஆம் நாள் ஓக்லஹோமா மாகாணத்துக் கோல்ட்ரி என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவர் சிறுவராயிருந்த காலத்தே அவர்தம் குடும்பத்தார் கலிபோர்னியா மாகாணத்தில் குடியேறினர். அக்காலத்தில் அம்மாகாணத்தில் மோட்டார் வண்டிகள் பெருகியிருந்தன. பழைய போர்டு வண்டிகள் மலிவான விலைக்குக் கிடைத்தன. பந்தய வண்டி வாங்கப் பொருளில்லாத இளைஞர்கள் அப்பழைய வண்டிகளை வாங்கி, மண்காப்புத் தகடுகளையும் மேற்கூரையையும் கழற்றிப் பளுவைக் குறைத்தனர். எஞ்சினைப் பிரித்து, உருளைகளை அகலக் கடைந்து, காற்றும் பெட்ரோலும் கலந்து புகும் கருவிகளை ஒன்றுக்கு இரண்டாகப் பொருத்தி, அதன் ஆற்றலைப் பெருக்கினர். 1932-ஆம் ஆண்டில் போர்டு கம்பெனியார் எட்டு உருளைகள் கொண்ட எஞ்சினை எளியோரும் வாங்கத்தக்க விலையில் வெளியிட்டது இவர்கட்குப் பெருந்துணையாயிற்று. இவ்வாறு கைத்திறனால் உருமாறிய வண்டிகளே பின்னாளில் ஹாட் ராட் எனப் பெயர் பெற்றன.

கோடையில் வற்றிய நம் ஏரிகளில் சிறுவர் பந்தாடுதலை யாவரும் கண்டுளோம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடக்கே உள்ள மொஹாவிப் பாலைநிலத்தில் மியூராக் என்னும் வறண்ட ஏரி ஒன்று உளது. நம் ஏரிகளின் வண்டல் வெயிலில் வெடித்துப் பிளக்கும். அவ்வேரியின் தரையோ பல மைல் அளவிற்குத் தளவரிசை இட்டாற்போல் இறுகிச் சமமாய்க் கிடக்கும். இளைஞர்கள் தம் வண்டிகளை ஆங்குக் கொண்டு சென்று ஓட்டினர். பார்க்ஸும் அவருள் ஒருவர். தொடக்கத்தில் பல வண்டிகள் ஒருங்கே பாய்ந்து ஓடின. முன்னே செல்லும் வண்டி எழுப்பிய புழுதியில் பின்னே வருவோர்க்குக் கண் தெரியாது. அதனால் விபத்துக்கள் நேர்ந்தன. இந்நிலை கண்டு கவன்ற பல சிறு குழுவினர் 1937-ஆம் ஆண்டில் ஒன்றுகூடித் தென் கலிபோர்னியா ஓட்ட நேரக் கணிப்புச் சங்கத்தை நிறுவினர். பார்க்ஸின் குழுவும் அதிற் சேர்ந்தது. ஒரு வண்டி தனித்து ஓடுதலும், கடிகாரத்தைக் கொண்டு அதன் வேகத்தை அளத்தலும் சங்கத்தின் முறையாயின. பிறனை வெல்லும் முனைப்பு, காலத்தை வெல்லும் முயற்சியாக மாறிற்று. பார்க்ஸின் பிற்கால வாழ்க்கை முழுதிற்கும் வித்து இதுவே என யாம் கருதுகின்றோம்.

1941-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா போரிற் புகுந்தது. வறண்ட ஏரிகளில் ஓடிய இளைஞர் பலர் படைகளிற் சேர்ந்தனர். போர்க்கென டாங்கிகளைச் செய்த தொழிற்சாலையில் அவற்றை ஓட்டிச் சோதிக்கும் பணியைப் பார்க்ஸ் முன்னரே செய்திருந்தார். பின்னர் அவர் தரைப்படையிற் சேர்ந்து தென் பசிபிக்கில் டாங்கிப் படையொன்றிற் பணியாற்றினார். ஆங்கும் அவர்தம் கைகள் வாளா இருக்கவில்லை. ஒரு ஜீப்பு வண்டியில் எட்டு உருளை போர்டு எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார் என்பர்.

போர் அவ்விளைஞர்க்குக் கொடுமையைக் காட்டியதோடு கல்வியையும் தந்தது. எஞ்சினைப் பழுது பார்த்தலும், உலோகத்தை ஒட்டுதலும், காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவம் யாது என அறிதலும் அவர்கள் பாசறையிற் பயின்ற பாடங்கள். கடலோரக் காவற்படையிற் பணியாற்றிய பில் பர்க் என்பார், போர் விமானத்தின் சிறகின்கீழ்த் தொங்கவிடும் எண்ணெய்த் தொட்டியைப் பசிபிக்கிற் கண்டார். நீர்த்துளி போன்ற அதன் வடிவம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1946-ஆம் ஆண்டில் அத்தகைய தொட்டி ஒன்றை வாங்கி, அதனையே உடலாகக் கொண்டு ஒரு பந்தய வண்டி சமைத்தார். போர்க்குப் பயன்பட்ட தொட்டிக்குள் மனிதன் அமர்ந்து விளையாட்டாகப் பறந்தான். விமானப்படையிலிருந்து திரும்பிய அலெக்ஸ் சிடியாஸ் என்பார் அதே ஆண்டில் வண்டிகளின் வேகத்திற்கு வேண்டும் உறுப்புக்களை விற்கும் கடை ஒன்றைத் திறந்தார். குண்டுவீச்சு விமானத்திற் சென்று பகைவர்பாற் சிறைப்பட்டு மீண்டவரான டீன் பாச்செலர் என்பாரும் அவரும் கூடிச் செய்த வண்டி 1950-ஆம் ஆண்டில் மணிக்கு 200 மைல் வேகத்தைக் கடந்தது. திரும்பி வந்தோர் இவ்வாறு புகழ் பெற்றனர். திரும்பி வாராதோரும் இருந்தனர். வந்தவர்தம் முயற்சியைப் போற்றுங்கால் வாராதோரையும் நினைத்தல் கடனாகும்.

ஆனால் போர் முடிந்தபின் ஒரு பெருந்துன்பமும் விளைந்தது. உயிருக்கு அஞ்சாது பழகிய வாலிபர் கையில் வேகமுள்ள வண்டிகள் இருந்தன. பாலைநிலத்து ஏரிகளோ நகரிலிருந்து தொலைவில் இருந்தன. ஆதலின் நள்ளிரவில் நகரத் தெருக்களிலேயே பந்தயங்கள் நடந்தன. ஓட்டியோரும் மாண்டனர், ஒன்றும் அறியாது வழிச்சென்றோரும் மாண்டனர். ஹாட் ராட் என்னும் சொல்லே பத்திரிகைகளில் வசைச்சொல் ஆயிற்று. இவ்வண்டிகளை அடியோடு தடை செய்யச் சட்டம் வேண்டும் என்ற குரல் எழுந்தது.

இந்நிலையிலேதான் பார்க்ஸின் பெருமை விளங்கிற்று. 1946-ஆம் ஆண்டில் அவர் நேரக் கணிப்புச் சங்கத்தின் தலைவரானார். பழிப்போரோடு வழக்காடுதலினும், பழிக்குக் காரணமானதை நீக்குதலே தக்கது என அவர் துணிந்தார். 1948-ஆம் ஆண்டு ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் படைக்கலச் சாலை ஒன்றில் சங்கத்தார் ஒரு கண்காட்சி நடத்தினர். பொதுமக்கள் வந்து, அவ்விளைஞர்தம் கைவேலையின் நுட்பத்தைக் கண்டு வியந்தனர். படைப்பணி ஆற்றித் திரும்பிய மற்றோர் இளைஞரான ராபர்ட் பீட்டர்சன் அக்கண்காட்சியிலேயே ஹாட் ராட் என்னும் பத்திரிகையை விற்பனைக்குக் கொணர்ந்தார். அடுத்த ஆண்டில் பார்க்ஸ் அதன் ஆசிரியரானார். எஞ்சினைச் செப்பனிடும் முறைகளோடு, உயிரைப் பேணும் முறைகளும் அப்பத்திரிகை வாயிலாக நாடெங்கும் பரவின.

அதே 1949-ஆம் ஆண்டில், யூட்டா மாகாணத்தில் பான்வில் என்னும் உப்புவெளியில் ஓட அரும்பாடுபட்டு அனுமதி பெற்றனர். மாமல்லபுரம் செல்லும் வழியில் கோவளத்தை அடுத்துள்ள உப்பளங்களைக் கண்டவர், அவ்வெண்மை அடிவானம்வரை விரிந்து இறுகிக் கிடப்பதாக எண்ணிக் கொள்க. ஆயினும் உப்புவெளிக்குச் செல்ல எல்லா இளைஞர்க்கும் இயலுமோ? ஊர்தோறும் ஓர் இடம் வேண்டும் எனப் பார்க்ஸ் உணர்ந்தார். 1951-ஆம் ஆண்டில் தேசிய ஹாட் ராட் சங்கம் தோன்றிற்று. பார்க்ஸ் அதன் முதல் தலைவரானார்.

இச்சங்கம் வகுத்த பந்தயம் எளியது. இரண்டு வண்டிகள் அருகருகே நின்று, ஒரே குறிப்பிற் புறப்பட்டு, நேர்வழியிற் கால் மைல் தூரம் ஓடும். முதலில் எல்லையைச் சேர்ந்த வண்டி வென்றது. இதற்கு வேண்டுவது வளைவற்ற நீண்ட தளம் ஒன்றே. போர் ஒழிந்தபின் பயனற்றுக் கிடந்த விமானத்தளங்கள் நாடெங்கும் இருந்தன. களம் அமைந்தது; ஆனால் விதி இல்லாத களம் தெருவினும் கொடிது. எனவே வண்டிகளை ஓட்டுமுன் சோதித்தல் வேண்டும், தலைக்கவசமும் இடைவாரும் வேண்டும், கவிழினும் தலை நசுங்காதபடி காக்கும் இரும்புச் சட்டம் வேண்டும் என விதிகள் பிறந்தன.

பார்க்ஸ் காவற்றுறையாரைப் பகைவராகக் கொள்ளாது துணைவராகக் கொண்டார். சங்கத்தின் முதற் பந்தயம் 1953-ஆம் ஆண்டு பொமோனா நகரில், அந்நகர்க் காவலரின் ஆதரவோடு நடந்தது. அக்காவலருள் ஒருவரான பட் கூன்ஸ் என்பாரைத் தலைவராகக் கொண்டு, 1954-ஆம் ஆண்டில் நால்வர் ஒரு வண்டியும் அதன் பின்னிணைத்த கருவிப் பெட்டியுமாக ஊர் ஊராகப் புறப்பட்டனர். ஒவ்வோர் ஊரிலும் இளைஞரைக் கூட்டி, களம் அமைக்கும் வகையையும் வண்டியைச் சோதிக்கும் வகையையும் கற்பித்தனர். நற்செய்தி அறிவிக்கச் சிற்றூர்தொறும் நடந்த தொண்டர்களை இவர்கள் எமக்கு நினைவூட்டுகின்றனர். 1955-ஆம் ஆண்டில் முதல் தேசியப் பந்தயம் கான்சாஸ் மாகாணத்துக் கிரேட் பெண்டு என்னும் ஊரில், போர்க்கால விமானத்தளத்தில் நடந்தது. பெருமழையால் அது இடையில் நின்றது. எனினும் அவர்கள் சோர்ந்திலர். அதே ஆண்டின் இறுதியில் அரிசோனா மாகாணத்தில் அதனை முடித்தனர்.

பார்க்ஸ் வேகத்தை வெறுத்த துறவியல்லர். 1957-ஆம் ஆண்டில் தாமே ஒரு வண்டியை புளோரிடா மாகாணத்து டேடோனாக் கடற்கரை மணலில் விரைந்தோட்டினார். எனினும் அவர்தம் செயல்கள் எல்லாரும் ஒப்பியன அல்ல. அவ்வாண்டிலேயே அவரது சங்கம் நைட்ரோமீத்தேன் என்னும் கடிய எரிபொருளைத் தடுத்தது. ஓட்டுநர் பலர் சினந்து வேறு களங்களை நாடினர். 1963-ஆம் ஆண்டில் அத்தடை தளரத் தொடங்கிற்று. கரை கட்டுவோன் சிலபோது மிகையாகவும் கட்டிவிடுதல் உண்டு. பிழை கண்டபோது மதகைத் திறத்தலும் கரை காப்போன் கடமையே.

1963-ஆம் ஆண்டில் அவர் பத்திரிகைப் பணியை விடுத்துச் சங்கத்திற்கே தம்மை முற்றும் அளித்தார். 1984-ஆம் ஆண்டுவரை அதன் தலைவராய் இருந்தார். 1998-ஆம் ஆண்டில் பொமோனாவில் அவர் பெயரால் ஒரு காட்சிச்சாலை திறக்கப்பட்டது. வெற்றி பெறுவோர்க்கு அச்சங்கம் அளிக்கும் பரிசுச் சிலை வாலி என்றே வழங்கப்பெறுகின்றது. 2007-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28-ஆம் நாள், தம் தொண்ணூற்று நான்காம் வயதில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அன்பர்காள்! சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கி ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலையை நாம் அறிவோம். ஒருபுறம் கடலும் ஒருபுறம் கழியுமாக நீண்டு செல்லும் அச்சாலையில், இரவு முதிர்ந்தபின் நம் வயதினர் இருசக்கர வண்டிகளிற் பந்தயம் விட்டுப் பாய்வதையும் அறிவோம். காவலர் வண்டிகளைக் கைப்பற்றுவர், செய்தித்தாள்கள் கண்டிக்கும், சில நாள் கழிந்தபின் மீண்டும் அவ்வோசை கேட்கும். விடியலில் மகனின் உடலைப் பெற்றுக்கொள்ள மருத்துவமனை வாயிலில் நிற்கும் பெற்றோர்க்கு யாது ஆறுதல் கூறுவோம்? கண்டனம் மட்டும் போதுமாயின் இத்துன்பம் என்றோ ஒழிந்திருக்கும்.

பார்க்ஸ் காட்டிய வழி இருபுறத்தார்க்கும் உரியது. முதியோர் இடம் தருதல் வேண்டும். இளையோர் விதிக்கு அடங்குதல் வேண்டும். இரண்டில் ஒன்று குறையினும் கரை நில்லாது. போரில் இறப்பின் முகத்தை நேரிற் கண்டு மீண்டவர்களே தலைக்கவசத்தையும் சோதனையையும் வற்புறுத்தினர் என்பதை நாம் மறத்தலாகாது. உயிரின் அருமையை அறிந்தவரே வீரர். அதனைத் தெருவில் எறிவோர் வீரரல்லர். பரிசுத்த பவுலும் பந்தயக் களத்தையே உவமையாக எடுத்து நம் வாழ்க்கையைக் கற்பித்தார். ஓட்டத்தை அவர் பழித்திலர். ஓட்டத்திற்கு ஓர் எல்லையும் ஒழுங்கும் உண்டென்றே காட்டினார். நம் இளமை என்னும் வெள்ளமும் அவ்வொழுங்கினுள் நின்று, நம் நாட்டிற்கு விளைவு தருவதாக.