துடைப்பமும் கிதாரும்

கிதார் என்றதும் என் நினைவில் எழுபவர் லானி ஜான்சன். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்த கறுப்பினக் கலைஞர். 1925-இல் செயின்ட் லூயிஸில் பாட்டுப் போட்டியொன்றில் வென்று இசைத்தட்டு உலகில் புகுந்தார். நிறுவனத்தார் அவரை ‘ப்ளூஸ்’ பாடகராகவே விற்றனர். அவர் விரல்களோ ‘ஜாஸ்’ இசையிலும் விளையாடின. 1927-இல் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்குடனும், 1928-இல் டியூக் எலிங்டனுடனும் வாசித்தார். அவரோடு இணைந்து வாசித்த வெள்ளையர் எடி லாங், இசைத்தட்டில் புனைபெயருக்குள் மறைய நேர்ந்தது. நிறவேற்றுமை அத்தகையது! 1948-இல் ‘டுமாரோ நைட்’ பாடலால் கறுப்பின மக்களின் இசைத்தட்டு விற்பனையில் முதலிடம் பெற்றார். அவரேதான் 1959-இல் பிலடெல்பியா ஓட்டலொன்றில் துப்புரவுத் தொழிலாளி! வானொலியாளர் கிறிஸ் ஆல்பர்ட்சன் கண்டெடுக்க, மீண்டும் மேடையேறினார். 1970-இல் டொரான்டோவில் மறைந்தார். உலகம் அவரை மறந்தது. அவர் விரல்கள் இசையை மறக்கவில்லை. அதனாலேயே அவரை வணங்குகிறேன்.