ஷூ ரிப்பேர் பார்த்துக்கொண்டே டிராகன் உலகத்தைக் கட்டியவர்... கேரி கைகாக்ஸ் கதை தெரியுமா?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' முதல் எபிசோடு ஞாபகம் இருக்கா? பேஸ்மென்ட்டில் நாலு பசங்க மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கண்ணுக்கே தெரியாத ஓர் அரக்கனுக்குப் பயந்து அலறுவாங்களே... அந்த விளையாட்டுதான் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. சுருக்கமா டி அண்ட் டி. நாமும் ஆடிப் பார்க்கலாமேன்னு ஆசை, ஆனா எங்கே தொடங்குறதுன்னு தெரியலையா? அதை உருவாக்கியவரின் வாழ்க்கையிலிருந்தே தொடங்குங்க. கூடவே விளையாட்டும் புரிஞ்சுடும்.

படிப்பில் கோட்டை விட்டவர்

கேரி கைகாக்ஸ் 1938, ஜூலை 27-ல் சிகாகோவில் பிறந்தார். அப்பா சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய வயலின் கலைஞர். கேரி சின்னப் பையனாக இருந்தபோதே, விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் லேக் ஜெனீவா என்ற ஏரிக்கரை ஊருக்குக் குடும்பம் மாறியது. சதுரங்கம், மாயாஜாலக் கதைப் புத்தகங்கள், பொம்மைப் படைவீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டு... இவைதான் அவர் உலகம். பள்ளிப்படிப்பைப் பாதியிலேயே விட்டார்.

கல்யாணம், குழந்தைகள், சிகாகோவில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை என வாழ்க்கை ஓடினாலும் விளையாட்டை விடவில்லை. 1968-ல் சொந்த ஊரில் 50 டாலர் வாடகைக்கு ஒரு ஹால் பிடித்து, தன்னைப்போன்ற ஆர்வலர்களைக் கூட்டினார். வந்தவர்கள் 100 பேர் அளவில்தான். அந்தக் கூட்டம்தான் இன்று பல்லாயிரம் பேர் திரளும் 'ஜென் கான்' திருவிழா!

வேலை போனது... வழி பிறந்தது

1970-ல் இன்ஷூரன்ஸ் வேலை பறிபோனது. வீட்டில் ஐந்து குழந்தைகள். கைகாக்ஸ் பேஸ்மென்ட்டில் ஷூ ரிப்பேர் செய்து குடும்பத்தை ஓட்டினார். மிச்ச நேரமெல்லாம் விளையாட்டு விதிகளை எழுதுவதற்கே. 1971-ல், ஜெஃப் பெரன் என்ற நண்பருடன் சேர்ந்து 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டை வெளியிட்டார். அதன் கடைசிப் பகுதியில் மந்திரவாதிகளும் டிராகன்களும் நுழைந்தார்கள்.

பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் டேவ் ஆர்னிசன் என்ற இளைஞர் இன்னொரு படி மேலே போயிருந்தார். முழுப் படையையும் நகர்த்துவதற்குப் பதிலா, ஆளுக்கு ஒரே ஒரு கதாபாத்திரம். எல்லோரும் சேர்ந்து கோட்டைக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் இறங்கணும். அடுத்த வாரம் அதே கதாபாத்திரம், இன்னும் கொஞ்சம் பலத்தோடு தொடரும். 1972-ல் ஆர்னிசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து ஆடிக்காட்ட, கைகாக்ஸுக்குப் பொறி தட்டியது. உடனே விதிகளை எழுதத் தொடங்கினார். முதலில் ஆடிப் பார்த்தவர்களில் அவருடைய மகனும் மகளும் உண்டு.

பெரிய கம்பெனிகள் கைகொடுக்கவில்லை. அதனால் 1973-ல், சின்ன வயசு நண்பர் டான் கேயுடன் சேர்ந்து 'டி.எஸ்.ஆர்' நிறுவனத்தை ஆரம்பித்தார். கேய் தன் இன்ஷூரன்ஸ் பாலிசியின் மேல் கடன் வாங்கித்தான் பணம் போட்டார். 1974 ஜனவரியில் டி அண்ட் டி வெளிவந்தது. ஒரு பெட்டி, மூணு சின்னப் புத்தகங்கள், விலை 10 டாலர். அச்சடித்தது 1,000 பிரதி. ஒரு வருஷத்துக்குள் எல்லாம் காலி! ஆனால், அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே மாரடைப்பால் கேய் இறந்துபோனார்.

புகழும் சண்டையும்

அடுத்த பத்து வருஷத்தில் டி.எஸ்.ஆர் கிடுகிடுவென வளர்ந்தது. கூடவே பிரச்னைகளும். பிறகு வந்த 'அட்வான்ஸ்டு' பதிப்புகளில் தனக்கு உரிய பங்கு தரவில்லை என்று 1979-ல் ஆர்னிசன் வழக்குப் போட்டார். 1981-ல் அது சமரசத்தில் முடிந்தது. இன்றைக்கும் ரசிகர்கள், இது யாருடைய விளையாட்டு என்று வாதாடுவதுண்டு. பொறி ஆர்னிசனுடையது, அதை மற்றவர்களும் ஆடும்படி விதியாக எழுதி ஊர் ஊராகக் கொண்டுபோனது கைகாக்ஸ். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் இல்லை.

1980-களில், இது பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கும் தற்கொலைக்கும் தள்ளுகிறது என்று அமெரிக்காவில் பெரிய பீதி கிளம்பியது. அந்தப் புகார்கள் நிரூபிக்கப்படவே இல்லை.

உண்மையான அடி உள்ளேயிருந்துதான் விழுந்தது. டி அண்ட் டி கார்ட்டூன் தொடருக்காக கைகாக்ஸ் ஹாலிவுட்டில் இருந்தபோது, ஊரில் கம்பெனி கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து மீட்கப் பார்த்தார். ஆனால் 1985-ல், பங்குதாரர்கள் தங்கள் பங்குகளை, அவரே நிர்வாகத்துக்கு அழைத்து வந்த லொரெய்ன் வில்லியம்ஸுக்கு விற்றுவிட்டார்கள். நீதிமன்றம் போயும் பலன் இல்லை. அடுத்த ஆண்டு, தான் தொடங்கிய கம்பெனியைவிட்டே வெளியேறினார்.

அதன் பிறகும் புதுப்புது விளையாட்டுகள் எழுதினார். எதுவும் டி அண்ட் டி அளவுக்கு எடுபடவில்லை. ஆனாலும் லேக் ஜெனீவா வீட்டுக்கு வரும் ரசிகர்களோடு மேஜையில் உட்கார்ந்து ஆடுவதை அவர் நிறுத்தவில்லை. 2008, மார்ச் 4-ல், 69 வயதில் காலமானார்.

நீங்க எப்படித் தொடங்கலாம்?

கைகாக்ஸ் வீட்டு மேஜையில் இருந்ததுதான் உங்களுக்கும் வேணும். நாலைந்து நண்பர்கள் போதும். ஒருவர் 'டஞ்சன் மாஸ்டர்'. கதை சொல்வதும், வழியில் வருகிற அரக்கர்கள், கடைக்காரர்கள் எல்லோரையும் நடிப்பதும் அவர் வேலை. மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என ஆளுக்கு ஒரு பாத்திரம்.

என்ன செய்யப்போறீங்கன்னு வாயால் சொல்லணும். ஜெயிக்குமா, சொதப்புமான்னு சந்தேகம் வந்தா 20 பக்கப் பகடையை உருட்டணும். வந்த எண்ணோடு உங்க திறமைக்கான எண்ணைக் கூட்டி, மாஸ்டர் வைத்த இலக்கைத் தொட்டால் வெற்றி. அவ்வளவுதான் அடிப்படை!

காசு செலவழிக்கவும் அவசரம் வேண்டாம். அடிப்படை விதிகள் டி அண்ட் டி இணையதளத்தில் ஆங்கிலத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பகடைக்கு மொபைல் ஆப் இருக்கு. முதல் நாள் மொத்த விதியையும் மனப்பாடம் செய்யாதீங்க. ஒரு குகை, ஒரு புதையல், அதைக் காக்கும் ஒரு பூதம்... இதை வைத்து இரண்டு மணி நேரம் ஆடுங்க. கதையைத் தமிழிலேயே சொல்லுங்க, நம்ம ஊர் முனியும் மோகினியும்கூட வரட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டு மேஜை காலி?